காஜா மட்டும்தான் பாக்கி

ராஜபாளையம்,
மாசி 10, ஞாயிற்றுக்கிழமை.

ஏலே மொட்டையா,

என் அன்புத் தம்பி சௌந்தரபாண்டியனுக்கு அக்கா மாரிச்செல்வி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் பிள்ளை சத்யப்பிரியாவும் அய்யனார் புண்ணியத்தில் இருக்கிறோம். அங்கு உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டும். எட்டாம் வகுப்பு டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்குப் போனால் அது கடிதம் இல்லை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்பார்கள். ஆகவே கேட்டுவிட்டேன். பதில் போட வேண்டாம்.

ஐப்பசியில் உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததிலிருந்து நான் யாருக்கும் எழுதாமல் இருந்தவள் இல்லை. ஜெர்மனிக்கு எழுதினேன், ஜப்பானுக்கு எழுதினேன், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்குகிற ஊர்களுக்கெல்லாம் எழுதினேன். எல்லாம் உன் பெயரில் எழுதினேன். உனக்கு மட்டும்தான் ஒரு வரி போடவில்லை. நான் செய்த கூத்தை வேறு யாராவது உன்னிடம் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், பொறவு நீ கத்து. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் தப்பாமல் வரும்.

எல்லாம் நீ செய்துகொண்டிருந்த கேமால் வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ், விளையாடுகிறவன் அதில் கண்டக்டர். பஞ்சு மார்க்கெட்டில் கூட்டம் ஏறும். கடைசி ஸ்டாப் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டு, சில்லறை கொடுத்து, படியில் தொங்குகிறவனை உள்ளே தள்ளி, தூங்குகிறவளை எழுப்பி இறக்கிவிட வேண்டும். ‘உள்ள போ, உள்ள போ’ என்று அதற்குப் பெயர் வேறு வைத்தாய். காசு கொடுத்து பஸ்ஸில் ஏறவே சனம் அலுத்துக்கொள்ளுது, காசு கொடுத்து கண்டக்டர் வேலை பார்க்க எவன்லே வருவான் என்று நான் கேட்டேன். அறுநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். கேம் முடிவதற்கு முன்னாலேயே, அதை முடிப்பதற்கென்று காசைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். முகம் தெரியாதவன் எதை நம்பிக் கொடுக்கிறான் என்று கேட்டதற்கு நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “பின்படியில ஏறுனவ காசக் கொடுத்தா பத்துக் கை மாறி கண்டக்டர்ட்ட போவுதுல்லா? நடுவுல எவனாவது வச்சிக்கிடுதானா? டிக்கெட்டும் மீதியும் அதே மாதிரி கை மாறி அவகிட்ட வந்துருதுல்லா? அம்புட்டுத்தான்க்கா.” எனக்கு அது நன்றாகப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. காசு முன்னால் போய்விட்டது, டிக்கெட் பின்னால் வரவில்லை, கண்டக்டர் நடுவழியில் இறங்கிவிட்டான் என்றால் பின்படியில் நிற்கிறவள் என்ன நினைப்பாள்?

காசு போட்ட அத்தனை பேரையும் அந்த பஸ்ஸில் பயணியாக ஏற்றினாய் அல்லவா, அவரவர் பெயரோடு. அதில்தான் நம் தனுஷ்கோடி மாமாவும் சேர்ந்தார். உன் காரியத்துக்கு வந்து, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு என் காதருகில் குனிந்து, “எனக்குச் சன்னலோரம்னு சொல்லியிருந்தான், அது அப்படியேதான இருக்கு?” என்று கேட்டார். இருக்கு மாமா என்றேன். அவருக்கு அதில் ஒரு ஆறுதல். நான் குறை சொல்லவில்லை, அழுத கண்ணோடுதான் கேட்டார்.

காசு கொடுத்தவர்கள் இப்படி வந்து கேட்பார்கள் என்று தெரிந்துதான் போன வருஷம் மெட்ராஸ் கம்பெனி வந்தபோது பிடித்துக்கொள் என்று உன்னிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேம்களை வாங்கிப் பணம் போட்டு முடிக்க வைத்து விற்கிற கம்பெனி. நீ செய்து கொடுத்தால் போதும், விற்பது அவர்கள் பாடு என்றார்கள். நீ மாட்டேன் என்றாய். நான் சொன்னது நியாயம்தான்லே, இப்பவும் சொல்லுவேன். இருபத்திரண்டு வருஷமாகத் தளவாய்புரம் கம்பெனிக்கு நைட்டி தைக்கிறேன். துணி அவர்கள் வெட்டிக் கொடுப்பார்கள், நூல் அவர்களுடையது, அளவு அவர்களுடையது, கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிளும் அவர்கள் பெயர். ஆனால் சனிக்கிழமை வந்தால் கூலி வந்துவிடும். நைட்டி விற்றதா, மழையில் நனைந்ததா, அது என் தலைவலி இல்லை. ஒரே ஒரு தடவை, நீ காலேஜ் படிக்கும்போது, தெருப் பொம்பளைகளிடம் முன்பணம் வாங்கி நானே சொந்தமாகத் தைத்துக் கொடுக்கப் பார்த்தேன். ஒருத்திக்கு இடது பக்கம் பாக்கெட் வேண்டும், ஒருத்திக்கு ரெண்டு பக்கமும் வேண்டும், ஒருத்திக்குப் பாக்கெட்டே ஆகாது, வீட்டுக்காரர் கைவிட்டுத் துழாவுவாராம். காசு கொடுத்த நாளிலிருந்து அத்தனை பேரும் எனக்கு மாமியார். தண்ணீர்க் குழாயடிக்குப் போக முடியவில்லை, ரேஷன் கடையில் நிற்க முடியவில்லை. அதனால்தான் சொன்னேன், ஒரு முதலாளிக்குப் பயந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், ஊருக்கே பயந்தால் எந்த வீட்டுக்கு வருவது என்று. நீ சோற்றில் கைவைத்துக்கொண்டே, “நீ தைச்ச நைட்டியப் போட்டுக்கிட்டு எவளாவது ரோட்டுல போனா, இது நான் தைச்சதுன்னு உனக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டாய். தெரியாது என்றேன். “எனக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பொறவுதான் அந்த மூன்று நாள் காய்ச்சல். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் காலையில், நான் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது உன் போன் சத்தம் கொடுத்தது. அதை அணைத்துப் பீரோவில் வை என்று உன் அத்தான் ரெண்டு தரம் சொல்லியிருந்தார். நான் அணைக்கவில்லை, ரீசார்ஜ் போட்டு வைத்திருந்தேன். எதற்கென்று அவரும் கேட்டார், நீயும் கேட்காதே. சத்யப்பிரியாதான் வாசித்துச் சொன்னாள். ஜெர்மனியிலிருந்து ஒருத்தர், காசு போட்டவர்களில் ஒருத்தர், எழுதியிருந்தார். ‘அன்புள்ள சௌந்தர், நலமாக இருக்கிறாயா, நம் பஸ் எப்போது கிளம்பும்?’

அதைக் கேட்டு நான் அழுதேன் என்று நினைக்காதே. எனக்கு வந்தது சந்தோஷம். உன்னை நலமா என்று கேட்கிற ஆள் ஒருத்தர் மிச்சம் இருக்கிறார். இங்கே எல்லாரும் ‘இருந்தான்’, ‘செய்தான்’, ‘நல்ல பய’ என்று உன்னைப் பேசி முடித்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் நீ எங்கேயோ உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதை நான் எப்படிக் கெடுப்பேன்? போனில் தமிழில் பேசினால் அதுவே இங்கிலீஷில் எழுதிவிடும் என்று பிள்ளை காட்டிக்கொடுத்தாள். என்ன சொல்லலாம் என்று யோசித்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கேட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் இத்தனை வருஷமாக என் வாயில் தன்னால் வருகிற ஒன்று இருக்கிறதே, அதுதான் வந்தது. “எல்லாம் முடிஞ்சிட்டு. பட்டனுக்குக் காஜா எடுக்கது மட்டுந்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை வாங்க.”

தையல்காரி வெள்ளிக்கிழமை வாங்க என்று சொன்னால் துணியை இன்னும் வெட்டவில்லை என்று அர்த்தம். இது ராஜபாளையத்தில் பால்குடிப் பிள்ளைக்குத் தெரியும். ஜெர்மனியில் தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை, நான் அமுக்கின இடம் அந்த ஒருத்தருக்குப் போகிற இடம் இல்லையாம், அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரே நேரத்தில் போகிற இடமாம். சாயங்காலத்துக்குள் காஜா என்றால் என்ன என்று உலகம் முழுக்கப் பேச்சு. பஸ்ஸுக்குள் பட்டன் துளை என்றால் அது ரகசியக் கதவாகத்தான் இருக்கும் என்று அமெரிக்காவில் ஒருத்தர் சொல்ல, அது உண்மைதான், எனக்கு முன்பே தெரியும் என்று இன்னொருத்தர் சொல்ல, படமே வரைந்து போட்டுவிட்டார்கள்.

இதில் பாவப்பட்டவன் பெலிக்ஸ்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டில் இருந்துகொண்டு உன்னோடு சேர்ந்து இந்த கேமை எழுதினவன், உன்னைத் தூக்கினவர்களில் ஒருத்தன். அவன் அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறான். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது, ‘சௌந்தர் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று வருகிறது. அவன் அம்மா பரிபூரணம் அக்கா கம்ப்யூட்டர் மேல் தீர்த்தம் தெளித்து, அதில் ஏதோ ஒன்று புகைந்து, அதைச் சரிபண்ண அவனுக்கு ஒரு வாரம் ஆனது. பைக்கை எடுத்துக்கொண்டு இங்கே வந்தபோது சட்டைப் பையில் ஜெபமாலை வைத்திருந்தான். கையில் போனோடு என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். “நீதானாக்கா?” என்றான். நான்தான் என்றேன். “செத்த நேரம் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாக்கா” என்று சொல்லிவிட்டு, என்ன தோன்றியது என்று சொல்லவில்லை. எனக்கும் அதேதான் தோன்றியிருக்கும்.

நீ ஏன் இத்தனை நாள் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று அவனைக் கேட்டேன். “எழுத உக்காந்தா மொத வரியிலயே நின்னுருதுக்கா” என்றான். அப்ப நிக்கட்டும், நான் பார்த்துக்கிடுதேன் என்றேன். பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பொய். ஓவர்லாக் அடிச்சாச்சு என்றேன். கரண்ட் போயிட்டு என்றேன். அளவு கொஞ்சம் பிடிக்குது, பிரிச்சுத் தைக்கேன் என்றேன். காஜா எடுக்கிற ஆள் கல்யாணத்துக்குப் போயிருக்கான் என்றேன். அதை அந்தப் போன் எப்படி எழுதியதோ, காஜாக்காரருக்கே கல்யாணம் என்று நினைத்து முப்பது பேர் வாழ்த்து அனுப்பினார்கள். ஜப்பானிலிருந்து ஒரு பிள்ளை மணமக்களுக்குக் காகிதத்தில் கொக்கு மடித்துத் தபாலில் அனுப்பிவிட்டது. அது மிஷின் மேலேதான் நிற்கிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எடுக்கவும் மனசில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. திருச்சியிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். ‘அண்ணா, நான் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்துப் போட்டேன். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். ஏமாற்றாதீர்கள்.’ சத்யப்பிரியா வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு நான் தைத்த ஆறு நைட்டியும் கை வைத்த இடத்தில் கழுத்து வந்து, கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். உன்னை யாரும் ஏமாற்றுக்காரன் என்று சொன்னதில்லை. நான் உன்னை உயிரோடு வைத்திருக்கப் போய் உனக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒருத்தர் வந்து கதவைத் தட்டினார். அறுபத்தைந்து வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. பெயர் ராஜரத்தினம், ஊர் சங்கரன்கோவில், டவுன் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். துபாயில் இருக்கிற அவர் மகள் இந்து, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவர் பெயரில் உன் கேமுக்குக் காசு போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வாங்க என்று போட்டிருந்ததாம், கேம் பக்கத்தில் நீ போட்டிருந்த விலாசத்தை விசாரித்து வந்துவிட்டார். அறுநூறு பேரில் தையல்காரி பேச்சு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய ஆள், அவரும் நம்பிவிட்டார். தம்பியைப் பார்க்க வேண்டும், கேமில் கண்டக்டர் பையை வலது தோளில் போட்டிருக்கிறான், இடது தோளில்தான் போட வேண்டும், அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். நான் உட்காரச் சொன்னேன். தம்பி வெளியே போயிருக்கான் அண்ணாச்சி, வந்துருவான் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன்.

போட்டோவை மறந்துவிட்டேன் மொட்டையா. மிஷினுக்கு நேர் மேலே, மாலையோடு, சிவப்பு பல்போடு நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். நான் டீயோடு வரும்போது அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீயை வாங்கிக்கொண்டார். ஊதி ஊதி முழுக்கக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எத்தன மாசமாச்சும்மா?” என்றார். நாலு என்றேன். “யாருக்கெல்லாம் தெரியும்?” என்றார். ஊருக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். திட்டவில்லை. வேலைச் சட்டத்தைச் சொல்வது போலச் சொன்னார். “நடுவழியில கண்டக்டருக்கு முடியாமப் போச்சுன்னா வண்டிய ஓரங்கட்டிப் பயணிங்ககிட்ட மொதல்ல விசயத்தச் சொல்லணும். பொறவு அடுத்த வண்டிய நிப்பாட்டி அத்தன பேரையும் அதுல ஏத்திவிடணும். சொல்லாம வண்டிய ஓட்டக்கூடாதும்மா.” படியில் இறங்கிச் செருப்பை மாட்டும்போது திரும்பி, “பையி எந்தத் தோள்ல இருந்தாலும் சரிதான்” என்றார். எனக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்த வண்டி என்று அவர் சொன்னதும் எனக்கு மெட்ராஸ் கம்பெனி ஞாபகம் வந்தது. பெலிக்ஸை விட்டுப் பேசச் சொன்னேன். போன வருஷம் வந்த அதே நவநீதகிருஷ்ணன் சார் காரில் வந்தார். வழியில் பால்கோவா வாங்கி வந்திருந்தார். துக்க வீட்டுக்கு இனிப்போடு வந்துவிட்டோமே என்று அவருக்கே தோன்றி, அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்து, திரும்பப் போய் எடுத்து வந்து, மறுபடி கொண்டுபோய் வைத்தார். நல்ல மனுஷன்தான். உட்கார நாற்காலி போட்டும் தெரியாமல் நான் வெட்டி வைத்த நைட்டிக் கைத் துணிகள் மேல் உட்கார்ந்துவிட்டார், போகும்போது அவர் பேண்ட்டோடு ஒட்டிக்கொண்டு ரெண்டு கை போய்விட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான். கேமைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், ஆள் போட்டு ஆறு மாசத்தில் முடிக்கும். இந்தப் பெயர் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, ‘பஸ் ரஷ்’ என்று மாற்றுவார்கள். ராஜபாளையம் என்று இருக்காது, ஏதோ ஒரு ஊர் என்று இருக்கும். கடைசியில் ஓடுகிற பட்டியலில் உன் பெயர் வரும். கண்டக்டர் குரலை வேறு ஆள் பேசுவார்.

அது எதற்கு என்றேன். பெலிக்ஸ்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கண்டக்டர் குரலை நீதான் பேசிவந்தாயாம். வன்னியம்பட்டி விலக்கு ஸ்டாப் வரைக்கும் பேசி முடித்திருக்கிறாய், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கண்டக்டர் வாயே திறக்க மாட்டானாம். பாதிக் குரலை வைத்துக்கொண்டு எப்படி மேடம் விற்பது என்று சார் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஒற்றைக் கையோடு நைட்டி தைத்துக் கொடுத்தால் தளவாய்புரத்தில் எடுப்பார்களா?

உன் குரல் அதில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. போட்டுக் காட்டட்டுமாக்கா என்று பெலிக்ஸ் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். போட்டோவில் சத்தம் வராது, அதனால் பார்க்க முடிகிறது.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். காசு போட்ட அத்தனை பேரும் அந்த வண்டியில் ஏறியாக வேண்டும், தனுஷ்கோடி மாமாவுக்குச் சன்னலோரம் உட்பட. பத்திரத்தில் எழுதி அனுப்புகிறேன் என்றார் சார். ஆகவே முடிவு செய்துவிட்டேன். பத்திரம் நாளைக்குத் தபாலில் வருகிறது. வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அன்றைக்கே பெலிக்ஸ் எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுவான். உன் போனை அணைத்துப் பீரோவில் வைத்துவிடுவேன். நீ லேபிள் பெரிது என்று நினைத்தவன், உனக்கு இது பிடிக்காது. ஆனால் நீ எனக்குத் தம்பிதான், முதலாளி இல்லை. முடியாததை முடிக்கிறவன் கையில் கொடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. எனக்கும் நிம்மதி வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. சத்யப்பிரியா கணக்கில் பாஸாகிவிட்டாள், மாமாவுக்குக் கும்பிடு எழுதச் சொன்னாள், அது பெரியவர்களுக்குப் போடுகிற கும்பிடா சாமிக்குப் போடுகிற கும்பிடா என்று அவளுக்கும் தெரியவில்லை. உன் அத்தானுக்கு மில்லில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். அவர் உன்னைக் கேட்டதாக எழுது என்று சொல்லவில்லை, ஆனால் உன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார், இடுப்பில் பிடிக்கிறது. அங்கே பெரியவர்கள் யாரையாவது கண்டால் என் நமஸ்காரத்தைச் சொல். நீ எந்த இடத்தில் இருந்தாலும் நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்து, நூறு வருஷம் என்று எழுதக் கை வருகிறது, எழுதவில்லை, நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா,
கரு. மாரிச்செல்வி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முடிவு என்று இருப்பதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள். கடிதத்தை மடித்து வைத்து ஒன்பது நாள் ஆகிறது, அதற்குள் எல்லாம் தலைகீழ்.

பத்திரம் வந்தது. பெலிக்ஸ் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். பயணிகள் பெயர் எதுவும் புது கேமில் வராது, அவர்களுக்கு ஆளுக்கொரு தள்ளுபடிச் சீட்டு அனுப்பப்படும் என்று இருந்தது. சாருக்குப் போன் போட்டேன். “நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மேடம், வக்கீல் ஒத்துக்கலை, நாளைக்கு ஒருத்தர் கேஸ் போட்டா கம்பெனி தாங்காது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, குரலில் தெரிந்தது. ஆனால் அடுத்த வண்டி வந்து நின்று, சும்மா நம் வண்டியை மட்டும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன், சனங்கள் ரோட்டில் நிற்கட்டும் என்றால் அதற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போடவில்லை.

பெலிக்ஸுக்கு முதல் வரி வராது என்பதால் நானே போனை எடுத்துப் பேசினேன். நான் சௌந்தர் இல்லை, அவன் அக்கா, நைட்டி தைக்கிறவள். தம்பி ஐப்பசியில் செத்துப்போனான். காஜா என்று நான் சொன்னதெல்லாம் பொய், அவன் பொய் சொல்ல மாட்டான். வண்டி வன்னியம்பட்டி விலக்கில் நிற்கிறது. இறங்குகிறவர்கள் காசை வாங்கிக்கொண்டு இறங்கலாம். அவ்வளவுதான் சொன்னேன். பதினொரு பேர் காசு கேட்டார்கள், பெலிக்ஸ் கொடுத்துவிட்டான். அதில் திருச்சிப் பையன் மறுநாளே திரும்பப் போட்டுவிட்டான். மற்றவர்கள் இறங்கவில்லை. மெதுவாகப் போனால் போதும் என்கிறார்கள். பெலிக்ஸ் தனியாக முடிக்க இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும், முடியாமலும் போகலாம் என்று எழுதியே சொல்லிவிட்டான். கண்டக்டர் குரலுக்கு என்ன செய்வது என்று ராஜரத்தினம் அண்ணாச்சியைக் கேட்டோம். கண்டக்டருக்குத் தொண்டை கட்டினால் இறங்குகிறவன் தானே சத்தம் கொடுப்பான் என்றார். ஆகவே வன்னியம்பட்டிக்கு அந்தப் பக்கம் பயணிகளே பேசி அனுப்பியிருக்கிறார்கள். ஜெர்மனிக்காரர் ‘மடவார்வளாகம் இறங்கு’ என்பது தும்முவது போல இருக்கிறது. தனுஷ்கோடி மாமா பன்னிரண்டு தடவை பேசி அனுப்பினார், ஒன்றில்கூட ஊர்ப்பெயர் இல்லை, எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் இருக்கிறது.

நேற்று மத்தியானம் பெலிக்ஸ் கேமை என் முன்னால் வைத்து, “இப்பவாவது பாருக்கா” என்றான். பார்த்தேன். பஞ்சு மார்க்கெட்டில் ஒரு பொம்பளை நைட்டி மூட்டையோடு ஏறுகிறாள். கண்டக்டர் வந்து, “மூட்டைக்கு லக்கேஜ் போடணும்மா” என்கிறான். நீ. அதே தொண்டை. அவள், “மடியில வச்சிருக்கது மூட்டையா? அப்ப மடிக்கும் டிக்கெட் போடு” என்கிறாள். அது நான்லே. என் குரல். அன்றைக்கு பெலிக்ஸ் வீட்டுக்குப் போகும்போது நிஜக் கண்டக்டரோடு நான் சண்டை போட்டேனே, நீ பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றாய் என்று உன்னையும் திட்டினேனே, நீ சட்டைப் பையில் போனை வைத்து என் பேச்சை ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாய். அந்த ஆள் என் வாய்க்குப் பயந்து முன்பக்கம் போய்விட்டார். கேமில் நீ போகவில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் வந்து என்னிடம் லக்கேஜ் கேட்கிறாய், நான் ஸ்டாப்புக்கு ஸ்டாப் உன்னை வைகிறேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வன்னியம்பட்டி வந்துவிட்டது. கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்குகிறார்கள், அவள் மட்டும் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவளை எப்படி இறக்குவது என்று பெலிக்ஸுக்குத் தெரியவில்லை, நீ கேமுக்கு எழுதி வைத்த நோட்டில் அந்தப் பக்கம் வெறும் தாள். மற்ற எல்லாவற்றுக்கும் யாராவது ஒருத்தர் குரல் கொடுத்துவிட்டார்கள், இதற்குக் கொடுக்க முடியாது. சொல்லுலே மொட்டையா, அந்த மூட்டைக்கு நீ லக்கேஜ் போடுறதா இருந்தியா, அக்காதானே போயிட்டுப் போறான்னு விட்டுர்றதா இருந்தியா?